தராசுல ஏறுச்சு, பார்ல ஏறல

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, ஒல்லியா இருக்கேன், என்ன சாப்பிட்டா எடை ஏறும்?" பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. இதைத் தப்பாப் பண்ணவன் நான்.

எனக்கு ஊர் வேலூர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில எங்க ஊர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினப்போ நான் எட்டாவது. அடுத்த வாரமே பளுதூக்கப் போய்ச் சேர்ந்துட்டேன். ஆனா 2022லயும் நான் அஞ்சடி மூணு, 54 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க் ஒன்றரை வருஷமா 95லயே நின்னுச்சு. கோச் சொன்னார்: "55 வேணாம், 61 கிலோ பிரிவுக்குப் போடா."

குள்ளமா இருக்கறது குறை இல்ல. துருக்கியோட நயீம் சுலைமானோலு அஞ்சடிகூட கிடையாது. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல 60 கிலோ பிரிவுல 190 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் பண்ணினார். உடம்பு எடைக்கு மூணு மடங்குக்கு மேல! கை கால் சின்னதா இருந்தா பார் போக வேண்டிய தூரமும் கம்மி. தசை பத்தாம இருக்கறதுதான் சிக்கல்.

நான் என்ன பண்ணேன்? ராத்திரி பரோட்டா, அது மேல வாழைப்பழ மில்க்‌ஷேக். பத்தே வாரத்துல 59 கிலோ. தராசை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். ஸ்குவாட் மட்டும் 110ல இருந்து 115. அவ்ளோதான். மாவட்டப் போட்டியில முதல் அட்டெம்ப்ட்டே 97 கேட்டேன், திமிரு. பார் தோள்ல வந்து உக்காந்துச்சு, எந்திரிக்க முடியல. மூணு தடவையும். மூணும் போச்சுன்னா டோட்டலே கிடையாது.

கோச் திட்டல. "வயித்துக்கு நாலு கிலோ, தொடைக்கு ஒரு கிலோ"ன்னு மட்டும் சொன்னார்.

அதைவிட உறுத்தினது வீட்டுல. அம்மா தினம் எனக்கு ஆறு முட்டை அவிப்பாங்க. தங்கச்சி தட்டுல ஒண்ணுகூட இல்லன்றதை அன்னைக்கு ராத்திரிதான் பார்த்தேன். அவளுக்கு அது பன்னெண்டாவது வருஷம். கேட்டா, "எனக்கு முட்டை பிடிக்காதுண்ணா." பிடிக்கும். எனக்குத் தெரியாதா?

மறுநாள்ல இருந்து எனக்கு மூணு, அவளுக்கு ரெண்டு. முட்டை ஒண்ணுல ஆறு கிராம் புரதம். எனக்கு ஒரு நாளைக்கு 90 கிராம் பக்கம் வேணும், அதாவது உடம்புல ஒரு கிலோவுக்கு 1.6 கிராம்ன்ற கணக்கு. மீதிக்கு நிலக்கடலை: 100 கிராம்ல 25 கிராம் புரதம், 570 கலோரி பக்கம், விலையும் கம்மி. கூட சுண்டல், தயிர், பருப்பு. பரோட்டாவை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளினேன். விடல, பொய் சொல்ல மாட்டேன்.

வாரத்துக்கு மூணு நாள் ஸ்குவாட், செட்டுக்கு அஞ்சு தடவை. எல்லா செட்டும் சுத்தமா முடிஞ்சாதான் அடுத்த தடவை 2.5 கிலோ கூட்டுவேன். காலையில வெறும் வயித்துல எடை பார்த்து, வார சராசரியை மட்டும் எழுதினேன். ஏறினது வாரத்துக்கு நூறு, நூத்தம்பது கிராம்தான். சில வாரம் அதுவும் இல்ல. 54க்கு இறங்கித்தான் மறுபடி ஆரம்பிச்சேன். பதினாலு மாசத்துல 60.4. இந்தத் தடவை ஸ்குவாட் 135, கிளீன் அண்ட் ஜெர்க் 108.

பதக்கமா? இல்ல, ஏழாவது இடம்.

தங்கச்சி இப்போ காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. மெஸ்ல வாரத்துக்கு ரெண்டு முட்டைதான் போடறாங்களாம். போன் பண்ணா முதல் புகாரே அதுதான்.