தண்ணீர்ப் பந்தலும் தாள் குவளையும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற தொண்டூழியர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தாகத்தால் வருந்துவோர்க்கு நீர் வார்த்தலை நம் முன்னோர் பேரறமாகப் போற்றினர். கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த பின்னரும் அவ்வறத்தை நாம் கைவிடவில்லை. தைப்பூசத் திருநாளில், சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவு நடந்து வரும் அன்பர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல்கள் நீரும் மோரும் தந்து களைப்பாற்றுகின்றன. நம் ஆலயத்திலும் திருவிழாக் காலத்தில் சூடான பாலும் தேநீரும் வழங்குகிறோம். நாம் வழங்கும் பானத்தின் தூய்மையை எண்ணும் நாம், அதனை எந்தக் கலத்தில் வழங்குகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இன்று என் விண்ணப்பம்.

தாள் குவளை என்று நாம் அழைப்பது வெறும் தாளன்று. வெறும் தாளில் தேநீரை ஊற்றினால் அது ஊறிக் கசிந்துவிடும். அதனைத் தடுப்பதற்காகவே உட்புறத்தில் பெரும்பாலும் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசுகின்றனர். கண்ணுக்குத் தெரிவது தாள். உதட்டையும் பானத்தையும் தொடுவது பிளாஸ்டிக்.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியை சுதா கோயலும் அவருடைய மாணவர்களும் இதனை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 85 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடான 100 மில்லிலிட்டர் நீரைத் தாள் குவளையில் ஊற்றி 15 நிமிடங்கள் வைத்தனர். ஒருவர் தேநீரை ஆற அமரப் பருகும் நேரம் அது. அதற்குள் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. நாளொன்றுக்கு மூன்று குவளை பருகுவோர் 75,000 துகள்களை விழுங்குகிறார் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

குளிர்ந்த நீருக்குப் புட்டியே பாதுகாப்பு என்று நினைப்போரும் உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டில், அந்நாட்டில் விற்கப்படும் புட்டி நீரின் ஒரு லிட்டரில் சராசரியாக 240,000 பிளாஸ்டிக் துகள்களைக் கண்டனர். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு, நுண்ணோக்கியிலும் எளிதில் புலப்படாத மிக நுண்ணிய துகள்கள்.

இத்துகள்கள் உடலுக்குத் தீங்கு செய்கின்றனவா? மிகைப்படுத்திப் பேசுவது முறையன்று. குடிநீரிலுள்ள நுண்பிளாஸ்டிக் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்று முடிவு கூறப் போதிய சான்றில்லை. மேலும் ஆராய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து இரத்தக் குழாய் அடைப்புக்கு அறுவை சிகிச்சை பெற்ற 257 பேரைப் பரிசோதித்தனர். அவர்களுள் 150 பேரின் அடைப்பில் பாலிஎதிலீன் இருந்தது. பிளாஸ்டிக் காணப்பட்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. பிளாஸ்டிக்கே காரணம் என்று இது மெய்ப்பிக்கவில்லை. ஆயினும், ஐயம் எழுந்த பிறகும் அறிந்தே அதனைப் பிறர் கையில் கொடுப்பது அறமாகுமா என்பதே என் கேள்வி.

தமிழ்நாட்டில், பெருகிவரும் குப்பையைக் கருதி 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்ட பொருள்களுள் பிளாஸ்டிக் பூசிய தாள் குவளையும் ஒன்று. ஆணைக்குக் காத்திராமல் நாமே இதைச் செய்யலாம்.

எவர்சில்வர் தம்ளர்களைக் கழுவ ஆள் வேண்டும், நேரம் வேண்டும், நோய் பரவலாகாது என்ற கவலையும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மகளிர் அணியினர் மடைப்பள்ளியில் படும் சிரமத்தை நேரில் கண்டவன் நான். ஆகவே சிறிய அளவில் தொடங்குவோம். சூடான பாலும் தேநீரும் மட்டும் எவர்சில்வர் தம்ளரில் தருவோம். வெப்பமே துகள்களை மிகுதியாகப் பெயர்ப்பதால், முதலில் அதனைத் தடுப்பது பயன் தரும். இரண்டு தொகுதித் தம்ளர்கள் இருந்தால், ஒன்று பந்தலிலும் மற்றொன்று கழுவுமிடத்திலும் இருக்கும். சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவும் பொறுப்பை இளைஞர்கள் முறைவைத்து ஏற்கட்டும். அதுவும் உழவாரப் பணியே. குளிர்ந்த நீர் வேண்டுவோர் தத்தம் குவளையைக் கொண்டுவரட்டும். பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய் நீரை இந்நாட்டில் நேராகவே பருகலாம்; அந்த நற்பேற்றை விட்டுப் புட்டிகளை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

வீட்டிலும் இதனைக் கடைப்பிடிப்போம். தேக்கா சந்தைக்குப் போகும்போது ஒரு தூக்குச்சட்டியை எடுத்துச் சென்றால், கொதிக்கும் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்க வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் பித்தளைச் செம்பைப் புளியிட்டுத் துலக்கிய பிறகே விருந்தினருக்கு நீர் தந்தனர். அவர்கள் கலத்துக்குக் காட்டிய அக்கறையை நாமும் காட்டுவோம். கொடுக்கும் கையைப் போலவே கொடுக்கும் கலமும் தூயதாகட்டும்.