ஹவ்காங்கில் ஒரு வெற்றி இரவு

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2011 மே 7, சனிக்கிழமை. அப்போது நான் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. ஹவ்காங்கில் ஓர் அறையை நான்கு பேர் வாடகைக்கு எடுத்திருந்தோம். அன்று அங்கே பொதுத்தேர்தல். எனக்கென்ன, நான் மலேசியன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து பேருந்தை விட்டு இறங்கினால், ஹவ்காங் விளையாட்டரங்கம் பக்கம் திருவிழாக் கூட்டம். நீலச் சட்டைகள், சுத்தியல் சின்னம் போட்ட கொடிகள். பாட்டாளிக் கட்சி ஆதரவாளர்கள் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் ஓரமாகத்தான் நின்றேன். வேலை பெர்மிட்டில் இருப்பவனுக்கு அடுத்தவர் நாட்டு அரசியல் ஆகாது, தெரியுமல்லவா.

நள்ளிரவு தாண்டி வெகுநேரம் கழித்து அந்தச் செய்தி வந்தது. அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி 54.7 விழுக்காட்டில் வென்றுவிட்டது. குழுத்தொகுதி முறை 1988இல் வந்ததிலிருந்து மக்கள் செயல் கட்சி ஒன்றைக்கூட இழந்ததில்லை. அன்று ஐந்து இடங்களும் ஒரே அடியாகப் போயின, வெளியுறவு அமைச்சர் இடமும் சேர்த்து. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெரியவர் அழுதுகொண்டிருந்தார். "2001ல வேட்புமனுத் தாளை ஒழுங்கா நிரப்பலன்னு தள்ளிட்டாங்க தம்பி. இங்க போட்டியே இல்ல, ஓட்டும் இல்ல. 2006ல தோத்தோம். இன்னைக்குத்தான்..." என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ மலேசியாவா? அங்க 2008ல நீ யாருக்குப் போட்ட?" என்றார்.

நான் என்ன சொல்வேன்? 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் தெருவில் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றவன் நான். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2008 மார்ச் 8இல் ஐந்து மாநிலங்களில் எதிரணி வென்றது. அன்று நான் ஓட்டுப் போடவில்லை. வாக்காளராகப் பதிந்துகொள்ளவே இல்லை.

"பதியலீங்க ஐயா" என்றேன்.

அவர் திட்டவில்லை. "ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்து இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் ஜொகூர் பாரு அஞ்சலகத்துக்குப் போய்ப் பாரத்தை நிரப்பினேன். பத்து நிமிட வேலை! அதற்கு எத்தனை வருடம் சாக்கு சொல்லியிருக்கிறேன். 2013 தேர்தலில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அஞ்சல் வாக்கு கிடைத்தது, ஆனால் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு இல்லை. லார்கினில் பேருந்து ஏறி, இரவெல்லாம் உட்கார்ந்தே கெடாவுக்குப் போனேன். மே 5, காலை வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டேன். அம்மா அந்த விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

2021 டிசம்பர் முதல் 18 வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. அதனால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படிதான் தொகுதி. நம்மில் எத்தனை பேருக்கு அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி? தோட்டமே இல்லை, செம்பனையும் இல்லை, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது, ஆனால் உங்கள் ஓட்டு மட்டும் அங்கேயே குடியிருக்கிறது. வாக்களிப்பு நாளில் அவ்வளவு தூரம் போக யாருக்கு லீவு கிடைக்கும்? முதலில் அட்டையில் முகவரியை மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையப் பட்டியலிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

என் மகள் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தேநீர் குடிக்கப் போகும்போது அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று அவள் பார்த்துச் சொல்வாள். வீட்டில் பிள்ளைகளுக்கு 18 ஆகியிருந்தால் அவர்கள் அட்டையையும் கொண்டு வாருங்கள்.