எடுப்பவரா? பார்ப்பவரா?

சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? 'ரத்தத்தைக் காட்டிக் காட்டி ஜனங்களைக் கெடுப்பவர் டைரக்டர்தான்' என்றார். இல்லை ஐயா, பார்ப்பவர்தான் காரணம்! பயங்கரக் காட்சி வந்தால் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வோம். ஆனால் ஓரத்தில் ஒரு கண் மட்டும் வெளியே இருக்கும்! (சிரிப்பு)

1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தார். குளியலறைக் கொலை. ஏறக்குறைய ஏழு நாள் படம் பிடித்து, முக்கால் நிமிஷம் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். ஓடுகிற ரத்தம் சாக்லேட் பாகு. குத்துகிற சத்தம் முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. கத்தி சதையைக் கிழிப்பதாகக் காட்சி ஏறக்குறைய கிடையாது. பார்த்தவரைக் கேளுங்கள், 'கிழிச்சதைக் கண்ணால பார்த்தேன்' என்பார்! பழத்தைக் குத்தியவர்கள் படக்குழுவினர். பெண்ணைக் குத்தியது யார்? நம்ம மனசு! (கைதட்டல்)

அதே படத்தில், பிணத்தோடு காரைச் சதுப்புக் குட்டையில் தள்ளுகிறான் நார்மன். கார் முழுதும் மூழ்காமல் நின்றுவிடுகிறது. அவன் பதறுகிறான். நமக்கும் பதறுகிறது! 'அடடா, முழுசா முங்கலையே!' செத்தவளுக்காக அழ வேண்டிய நாம், மறைக்கிறவனுக்காகத் தவிக்கிறோம்.

'அது ஹிட்ச்காக் செய்த வித்தை' என்பீர்கள். ஈர விறகில் தீக்குச்சி கிழித்தால் பற்றுமா? காய்ந்து கிடந்தது யார் குற்றம்?

1997இல் ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானெகே 'ஃபன்னி கேம்ஸ்' எடுத்தார். ஒரு குடும்பத்தை இரண்டு இளைஞர்கள் வதைக்கிறார்கள். குடும்பத்தலைவி துப்பாக்கியைப் பாய்ந்து எடுத்து ஒருவனைச் சுடுகிறாள். 'அப்படிப் போடு!' என்கிறது நம் மனசு. உடனே மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்து, படத்தையே பின்னால் ஓட்டிச் செத்தவனைப் பிழைக்க வைத்துவிடுகிறான்! என்ன அர்த்தம்? 'ரத்தம் வேண்டாம் என்றவரே, இப்போது குதூகலித்தீரே, அது மட்டும் ரத்தம் இல்லையா?' என்று நம்மைக் கேட்கிறார் டைரக்டர்.

ஐயா, நம் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. திரையில் குத்து விழும்போது, அது அப்பா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அங்கே சிரிப்பு இருந்தால், குத்து சிரிப்புக்குரிய விஷயம் என்று படித்துக்கொள்ளும். அந்தக் கூடத்தில் எந்த டைரக்டரும் உட்கார்ந்திருக்கவில்லை. நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் பார்ப்பவரே காரணம் என்று சொல்லி அமர்கிறேன். (கைதட்டல்)