ஒரே மேசை, இரு மொழி



1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையும், அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. ஆயினும் 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப்பாதை அவ்வெல்லையைக் கடந்தே செல்கிறது.

அப்பாதையின் நிலையமொன்றில் நான் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தபோது, மலையாள நண்பர் ஒருவரோடு ஒரே மேசை வாய்த்தது. அவரை அயலாரெனக் கருதி ஐயம் எதனையும் நான் கேட்டதில்லை. ஒருநாள் கணக்கில் தொகை இடித்தது. ரொக்கம் அனுப்பும் நேரமோ நெருங்கிற்று; என் கை நடுங்கிற்று. அவர் வாய்திறவாது தம் நாற்காலியை என்னருகே இழுத்தார். அவர் மலையாளத்திலும் நான் தமிழிலுமாக வரிவரியாய்க் கூட்டினோம். இருவர்க்கும் ஒரே தொகை வந்தது, பிழையும் அகப்பட்டது.

அன்று தொட்டு அவரிடம் நான் மலையாள எழுத்துக் கற்றேன். அவர் என்னிடம் தமிழ் எழுத்துக் கற்றார். என் தமிழ் குறையவில்லை. தமிழ் படிப்போர் தொகையில் ஒருவர் கூடினார்.

நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலே தமிழைக் குறைவறக் கற்பிப்போம். அண்டைமொழியை அஞ்சாது கற்கவும் விடுவோம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஐயம் கேட்பது தாழ்வன்று, கேளாதிருப்பதே இழப்பு.