அமெரிக்காவில் மனச்சாட்சி படும் பாடு



அமெரிக்கா தேசத்துக் கோர்ட்டு வழக்குகளைப் பற்றி நாம் பேசப் போகின்றோம் என்று அக்கிராசனர் சொன்னவுடன் உங்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டீர்கள். நம் ஊர் வரப்புச் சண்டையே தீராதிருக்கையில் கடலுக்கு அப்பால் உள்ளவன் தாவா நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். நியாயந்தான். ஆனால், மதமானது தனக்குக் காரியம் ஆக வேண்டியபோது என்னென்ன வேஷம் போட்டுக் கொள்ளும் என்று தெரிந்து கொள்ள வேண்டுமானால், இன்று அந்தத் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டைப் போன்ற நல்ல நாடக மேடை வேறு கிடையாது.

முன்பெல்லாம் பாதிரியார், "இது ஆண்டவன் கட்டளை, கீழ்ப்படி" என்பார். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சட்டப் புத்தகத்தோடு ஒரு வக்கீலை அனுப்பி, "என் சுதந்திரத்தில் கை வைக்காதே" என்று சொல்லச் சொல்லுகிறார். கட்டளையிட்டுக் கொண்டிருந்தவர் சுதந்திரம் கேட்க வந்து விட்டாரே, நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாமும் முதலில் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால், அவர் சுதந்திரத்துக்கு ஆகும் செலவை யார் தலையில் வைக்கிறார் என்பதையும் உடனே கேட்டுவிட வேண்டும்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்த்த முதல் திருத்தம், மதத்தைப் பற்றி இரண்டு காரியம் சொல்லுகிறது. சர்க்கார் எந்த மதத்தையும் தன் மதமாக ஸ்தாபிக்கக் கூடாது. எவனுடைய மத அனுஷ்டானத்தையும் தடுக்கவும் கூடாது. இதை நாஸ்திகர்கள் கேட்டு வாங்கினார்கள் என்று நினைத்து விடாதீர்கள். கனெக்டிகட் மாகாணத்தில் டான்பரி என்ற பக்கத்துப் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1801-ல் பிரசிடெண்டு ஜெபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அந்த மாகாணத்தில் அவர்கள் சிறு கூட்டம். பெரிய சபைக்காரர்களுடைய தயவில் பிழைக்க வேண்டியிருந்தது. ஜெபர்சன் 1802 ஜனவரி 1-ந் தேதி பதில் எழுதினார். மதத்துக்கும் சர்க்காருக்கும் நடுவில் மதில் என்ற பேச்சு, இந்தக் கடிதத்திலிருந்துதான் பிரசித்தமாயிற்று. சிறு கூட்டமாயிருந்தபோது மதில் கேட்ட அந்தப் பாப்டிஸ்டு மரபில் வந்தவர்களில் பலர், பெருங்கூட்டமாகிப் பணமும் ஓட்டும் சேர்ந்த பிறகு, அதே மதிலில் கடப்பாறை போடுகின்றனர். அதற்குப் பிறகு வருவோம்.

இந்தச் சட்டத்தைப் பிடித்துக் கொண்டு கோர்ட்டுப் படி ஏறினவர்கள் ஆதியில் யார்? பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற ஊரில், 1935-ல், இரண்டு பிள்ளைகள். அக்காளுக்கு 12 வயது, தம்பிக்கு 10 வயது. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு மதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் தேசக் கொடிக்குச் சலாம் வைப்பது விக்கிரகத்தை வணங்குவது போன்றது, அது தங்கள் வேதத்தில் விலக்கப்பட்டது என்று சலாம் வைக்க மறுத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தினார்கள். அவர்கள் வேதத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால், அந்தப் பிள்ளைகள் கையை மடக்கிக் கொண்டு நின்றதால் யாருக்கு என்ன நஷ்டம்? பக்கத்துப் பையனுடைய சோறு குறைந்ததா? வாத்தியார் சம்பளம் குறைந்ததா? ஒன்றுமில்லை. இருந்தும் 1940-ல் சுப்ரீம் கோர்ட்டு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகளுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்பு வந்தவுடனே பல ஊர்களில் காலிகள் அந்தக் கூட்டத்தாரை அடித்தார்கள். மெய்ன் மாகாணத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்கள் ஜெப மண்டபத்துக்கு நெருப்பு வைத்தார்கள். மூன்று வருஷத்திற்குள் ஜட்ஜுகள் தங்கள் தீர்ப்பைத் தாங்களே மாற்றினார்கள். 1943-ல், அதுவும் யுத்த காலத்தில், கொடிக்குச் சலாம் வைக்கும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜட்ஜ் ஜாக்சன் எழுதினார். பிற்பாடு ஜெர்மனியில் ஹிட்லர் கூட்டத்தார் மீது வழக்கு நடத்தப் போனவர் இவர்தான்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பக்கத்து மலையாள நாட்டில் 1985-ல் இதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்திற்கு எழுந்து நின்றார்கள்; ஆனால் வாய் திறந்து பாடவில்லை என்பதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1986-ல் நம் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டில் ஜட்ஜ் சின்னப்ப ரெட்டி அவர்கள், அந்த அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்துக் காட்டி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவிட்டார். இப்படிப்பட்ட மதச் சுதந்திரத்தை எந்தப் பகுத்தறிவுவாதியும் ஆக்ஷேபிக்க மாட்டான். அது எளியவன் தன் மேல் விழும் அடியைத் தடுக்கத் தூக்கிய கேடயம்.

கேடயம் எப்படிக் கை மாறிற்று என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆரிகன் மாகாணத்தில் இரண்டு பேர், செவ்விந்தியர்களுடைய சபை ஒன்றில், சடங்கின்போது பெயோட்டே என்ற ஒரு கள்ளியைத் தின்றார்கள். அது போதை வஸ்து என்று வேலை போயிற்று. வேலையில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவிப் பணமும் இல்லை என்றார்கள். 1990-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜட்ஜ் ஸ்கலியா, எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட சட்டத்திலிருந்து மதத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது என்று தீர்ப்பெழுதினார். இவர் நாஸ்திகரல்ல, தோழர்களே! பழமையில் அழுத்தமான பிடிப்புள்ள கத்தோலிக்கர். அப்போது விலக்குக் கேட்டு நின்றவன் செவ்விந்தியச் சபைக்காரன் என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

இது அநியாயம் என்று இடதுசாரி, வலதுசாரி, பாதிரி, ரபி எல்லாரும் சேர்ந்து கூச்சல் போட்டு 1993-ல் ஒரு புதுச் சட்டம் செய்தார்கள். செனட் சபையில் 97 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. ஏழைக் கள்ளிச் சடங்குக்காரனுக்காகச் செய்த சட்டம் என்று எல்லாரும் மெச்சினார்கள். இருபத்தொரு வருஷம் கழித்து, 2014-ல், அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்து ஜெயித்து வெளியே வந்தவர் யார் தெரியுமா? 500-க்கு மேற்பட்ட கடைகளும் 13,000-க்கு மேற்பட்ட சிப்பந்திகளும் உள்ள ஹாபி லாபி என்ற கம்பெனி!

விஷயம் இது. கம்பெனி சிப்பந்திகளுக்குக் கொடுக்கும் வைத்திய இன்ஷியூரன்சில் கர்ப்பத்தடைச் சாதனங்களும் அடங்க வேண்டும் என்பது சர்க்கார் விதி. சர்க்கார் அங்கீகரித்த 20 வகைகளில் 4 வகை தங்கள் மதத்துக்கு விரோதம் என்று முதலாளி குடும்பம் வழக்காடிற்று. கம்பெனிக்கு மதம் உண்டா என்பதுதான் கேள்வி. கம்பெனிக்கு எந்தப் பாதிரி ஞானஸ்நானம் செய்து வைத்தார்? கம்பெனி செத்தால் அதன் ஆத்மா மோக்ஷத்துக்குப் போகுமா, நரகத்துக்குப் போகுமா? சிரிக்கிறீர்கள். ஐந்து ஜட்ஜுகள் சிரிக்கவில்லை. முதலாளியின் மனச்சாட்சியே கம்பெனியின் மனச்சாட்சி என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கார் வேண்டுமானால் வேறு வழியில் அந்தப் பெண்களுக்குச் சாதனம் கொடுத்துக் கொள்ளட்டும் என்பது அவர்கள் சமாதானம். எதிர்த் தீர்ப்பு எழுதிய ஜட்ஜ் கின்ஸ்பெர்க் என்ற அம்மையார் கணக்குப் போட்டுக் காட்டினார்: அந்த நான்கில் சேர்ந்த ஒரு சாதனத்தின் விலை, குறைந்த கூலி வாங்கும் ஒரு பெண்ணின் ஏறக்குறைய ஒரு மாத முழுச் சம்பளம். அதாவது, மனச்சாட்சி முதலாளியுடையது. மாதச் சம்பளம் வேலைக்காரியுடையது.

இது தானாக நடந்ததென்று எண்ணாதீர்கள். 1962, 1963-ம் வருஷங்களில் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் ஜெபம் செய்விப்பதும் பைபிள் வாசிப்பதும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது முதல், வைதீகக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டைத் திட்டிக் கொண்டிருந்தார்கள். அப்புறம், திட்டி என்ன பயன், வக்கீல் பட்டாளம் சேர்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். குடியுரிமைக்காக வாதாடும் ஏ.சி.எல்.யூ. என்ற பழைய சங்கம் ஒன்றுண்டு. அதற்கு எதிர்ச் சங்கமாக 1990-ல் டெலிவிஷன் பிரசங்கி பாட் ராபர்ட்சன் ஒன்று ஆரம்பித்து, அதற்கு ஏ.சி.எல்.ஜே. என்று பெயர் வைத்தார். அசலுக்குப் பக்கத்திலேயே போலிக் கடை வைக்கும் வியாபாரியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! 1994-ல் பிரபல பிரசாரகர்கள் பலர் கூடி ஸ்தாபித்த ஏ.டி.எப். என்னும் சங்கம் அரிசோனாவிலிருந்து வேலை செய்கிறது. அதன் வருஷ வரும்படி 10 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பெக்கெட் என்ற சங்கமும் அதே வருஷத்தியது. ஹாபி லாபிக்கு வாதாடியது இதுதான்.

இவர்கள் வேலை செய்யும் முறை நம் ஊர்த் தாவாக்காரனுக்குப் புரியாது. நம்மவன் அடிபட்ட பிறகு வக்கீலைத் தேடுகிறான். அங்கே அடி விழுமுன்பே வழக்கு வந்துவிடும். கொலராடோ மாகாணத்தில் கம்ப்யூட்டர் விளம்பரப் பக்கங்கள் செய்து கொடுக்கும் ஒரு அம்மாள், ஆணும் ஆணும் அல்லது பெண்ணும் பெண்ணும் செய்து கொள்ளும் கலியாணத்துக்குத் தாம் பக்கம் செய்து தர முடியாது என்று 2016-ல் வழக்குப் போட்டார். அதுவரையில் எந்தக் கலியாணத்துக்கும் அவர் செய்ததில்லை. சர்க்கார் அவர்மேல் நடவடிக்கை எடுத்ததுமில்லை. ஏ.டி.எப். நடத்திய இந்த வழக்கில் 2023-ல் ஆறுக்கு மூன்று என்று ஜெயித்தார்கள். அதிலும் மதத்தைச் சொல்லி ஜெயிக்கவில்லை. பேச்சுச் சுதந்திரம் என்று ஜெயித்தார்கள். சட்டம் எழுதுவதிலும் இவர்கள் கை உண்டு. மிசிசிப்பியில் 15 வாரத்துக்கு மேல் கருச்சிதைவு கூடாது என்று 2018-ல் செய்த சட்டத்தின் வாசகத்துக்கு உதவி செய்தவர்களும் ஏ.டி.எப். வக்கீல்களே. அந்தச் சட்டத்தின் மேல் வந்த வழக்கில்தான், 1973 முதல் அந்தத் தேசத்துப் பெண்களுக்கு இருந்த உரிமையை 2022-ல் எடுத்துவிட்டார்கள். அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இன்றைக்கு நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு பையனைப் பற்றி.

வாஷிங்டன் மாகாணத்தில் பிரெமர்ட்டன் என்ற ஊர். சர்க்கார் பள்ளிக்கூடம். அங்கே கால்பந்துப் பயிற்சி கொடுக்கும் உபாத்தியாயர், ஆட்டம் முடிந்தவுடனே மைதானத்தின் நட்ட நடுவில் மண்டியிட்டு ஜெபம் செய்வார். பையன்களும் வந்து சுற்றிக் கூடினார்கள். ஏழு வருஷம் நடந்தது. 2015-ல் பள்ளிக்கூட அதிகாரிகள், தனியிடத்தில் ஜெபம் செய்து கொள்ளும், பிள்ளைகளைச் சேர்க்காதேயும் என்றார்கள். அவர் கேட்கவில்லை; மைதானத்து நடுவிலேதான் செய்வேன் என்றார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டெக்ஸாஸ் வக்கீல் சங்கம் ஒன்று வழக்கை எடுத்துக் கொண்டது. 2022 ஜூன் 27-ந் தேதி ஆறு ஜட்ஜுகள், இவர் தனியாக அமைதியாக ஜெபம் செய்தார், அது அவர் சுதந்திரம் என்றார்கள். எதிர்த் தீர்ப்பு எழுதிய ஜட்ஜ் ஸோட்டோமேயர் அம்மையார், வார்த்தையால் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தீர்ப்புக்குள்ளேயே போட்டோப் படங்களை அச்சிட்டுவிட்டார். படத்தில் அவரைச் சுற்றிப் பையன்கள் கூட்டம்! இதுதான் தனியாக அமைதியாகச் செய்த ஜெபமாம்.

அந்த வழக்குக் கட்டில் ஒரு வரி இருக்கிறது. ஒரு பையனுடைய தகப்பனார் சொன்னது. தம் பையனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சேராவிட்டால் ஆட்டத்தில் இறக்கமாட்டார்களோ என்று பயந்து சேர்ந்து நின்றான் என்பது. தோழர்களே! யாரை ஆட்டத்தில் இறக்குவது, யாரை ஓரத்தில் உட்கார வைப்பது என்பது அந்த உபாத்தியாயர் கையில். அவரும் பையனை மண்டியிடு என்று வாயால் சொல்ல வேண்டியதில்லையே. பண்ணையார் தேர் வடத்தில் கை வைத்தால், பண்ணையாள் வேலைக்குப் பயந்து தானும் இழுப்பது உங்களுக்குத் தெரியாததா? 1943-ல் கையை மடக்கிக் கொண்டு நின்ற பிள்ளைகளுக்கு மனச்சாட்சி உண்டென்ற கோர்ட்டுக்கு, 2022-ல் இந்தப் பையன் கண்ணில் படவில்லை. வழக்கில் ஜெயித்த உபாத்தியாயர் 2023 செப்டம்பரில் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். ஜெபம் செய்தார். சில நாளில் ராஜினாமாக் கொடுத்துவிட்டுப் போனார்!

இப்போது ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இந்த வக்கீல்கள் மற்ற மதத்தாருக்காக ஒருபோதும் பேசினதில்லையா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. பேசியிருக்கிறார்கள்; அதை மறைப்பது நமக்கு அழகல்ல. ஆர்கன்ஸாஸ் ஜெயிலில் ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி வைத்துக் கொள்ளக் கேட்டார். பெக்கெட் வக்கீல்கள் வாதாடி 2015-ல் ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமுகமாகச் சம்மதிக்கும்படி ஜெயித்துக் கொடுத்தார்கள். அது யோக்கியமான வேலை. ஆனால் அலபாமாவில் 2019 பிப்ரவரியில் நடந்ததையும் கேளுங்கள். மரண தண்டனைக் கைதி ஒருவர், முஸ்லிம். சாகும்போது தம் மதக் குரு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். ஜெயிலில் சம்பளத்துக்கு இருந்தவர் கிறிஸ்தவப் பாதிரி. அவருக்கு மட்டுமே மரண அறைக்குள் போக அனுமதி. கேட்டது தாமதம் என்று ஐந்து ஜட்ஜுகள் தள்ளிவிட்டார்கள். அன்றே தண்டனை நிறைவேறிற்று. தேசம் முழுதும் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே டெக்ஸாசில் ஒரு பௌத்தக் கைதி இதையே கேட்டபோது நிறுத்தி வைத்தார்கள். அவருக்காகவும் பெக்கெட் எழுதிக் கொடுத்தது. ஒரு மாதம் முந்திச் செத்தவருக்கு அதனால் என்ன?

மிச்சமிருப்பது பணம். தனியார் பள்ளிக்குச் சர்க்கார் பணம் கொடுத்தால் மதப் பள்ளியை விலக்கக் கூடாது என்று 2022-ல் மெய்ன் மாகாண வழக்கில் தீர்ப்பாயிற்று. அதோடு நிற்கவில்லை. சர்க்கார் செலவில் நடக்கும் பொதுப் பள்ளியையே கத்தோலிக்கப் பள்ளியாக நடத்துகிறோம் என்று ஓக்லஹோமாவில் ஒரு சபை கிளம்பிற்று. அதற்கு அனுமதி கொடுத்த மாகாணக் கல்வி போர்டுக்கு வக்கீல்கள் ஏ.டி.எப்.தான். மாகாண உயர் கோர்ட்டு செல்லாது என்றது. 2025 மே 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஜட்ஜுகள் நாலுக்கு நாலு என்று நின்றார்கள். ஜட்ஜ் பாரெட் என்ற அம்மையார் வழக்கில் உட்காராமல் விலகிக் கொண்டதால் ஒன்பதாவது ஓட்டு இல்லை. மாகாணக் கோர்ட்டின் தீர்ப்பு அப்படியே நின்றது. இது எந்த மாகாணத்துக்கும் முன்மாதிரித் தீர்ப்பாகாது. ஆகையால், அந்த அம்மையார் விலக வேண்டிய அவசியமில்லாத வேறொரு பள்ளிக்கூடம் கிடைத்தால் போதும். அதே மனுவைப் பெயர் மாற்றித் திரும்பக் கொண்டு வந்து போடலாம்.