ஓ.டி.பி.யும் கைநாட்டுதான்



புரட்டாசி பிறந்தால் நம்ம புதூர் கரிசலில் உளுந்து, பாசி, மக்காச்சோள விதைப்பு. கூடவே பயிர்க் காப்பீடு. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ் புத்தகம் எல்லாம் எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்துக்குப் போகிறோம்.

அந்த விவரம் சர்க்காரோடு நிற்பதில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கும் பாங்கிக்கும் போகிறது. போனால்தான் இழப்பீடு வரும், அது முறைதான். 2025-இல் நம் மாநிலத்தில் தொடங்கிய விவசாயி அடையாள எண் பதிவிலும் ஆதார், செல்போன் எண், நில விவரம் எல்லாம் ஒரே இடத்தில் சேருகின்றன.

இன்னும் யாருக்குப் போகும்? 2021 ஏப்ரலில் மத்திய வேளாண் அமைச்சகம் 6 மாநிலங்களில் 100 கிராமங்களுக்காக மைக்ரோசாப்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. "விவசாயியிடம் சம்மதம் கேட்டீர்களா?" என்று பல அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்வி.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் சம்மதித்துக் கொடுத்த விவரம் யார் யாருக்குப் போனது என்று கேட்கவும், சம்மதத்தைத் திரும்ப வாங்கவும் வழி சொல்லியிருக்கிறது.

செய்ய வேண்டியது மூன்று. ஒண்ணு, ஓ.டி.பி. சொல்லுமுன் எதற்கென்று கேளுங்கள், அதுவும் கைநாட்டுதான். போனில் கேட்டால் சொல்லவே கூடாது. ரெண்டு, ஆதார் நகலில் "பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மூணு, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பணம் ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வெத்துத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதை நம்ம ஊருக்குப் புதுசா?