சாக்கடையிலிருந்து மணிச்சத்து



பயிருக்கு வேண்டிய உணவை நம் உழவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என வகுத்துக் கூறுவர். இவற்றுள் மணிச்சத்தாவது பாஸ்பரஸ். தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துவிடலாம். மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது. பாறையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். உலகில் அறியப்பட்ட அப்பாறை இருப்பில் மிகப் பெரும் பங்கு மொராக்கோவிலும் மேற்குச் சஹாராவிலும் அடங்கியிருக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும் பகுதியைக் கப்பலிலேயே தருவிக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு வயலில் இடும் சத்து நெல்லாகிச் சோறாகி, நம் உடலையும் கடந்து சாக்கடையில் போய்ச் சேருகிறது. ஒரு மனிதன் நாளொன்றுக்குச் சுமார் 1.5 கிராம் பாஸ்பரஸைக் கழிக்கிறான். அதனை மீட்க முடியுமா என்பதே இன்று நாம் காணப்போவது.

இதற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காட்டிலும் தக்க எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. 1669-ல் ஹென்னிக் பிராண்ட் என்னும் ரசவாதி, பொன் செய்யும் ஆசையால், மனிதச் சிறுநீரைச் சேர்த்து அழுகவைத்துக் காய்ச்சி அங்கே பாஸ்பரஸைக் கண்டான். இருளில் ஒளிரும் பொருள்தான் கிட்டியது, பொன் கிட்டவில்லை. (வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆயினும் பாடத்தை மறக்கமாட்டார்கள்.) 1842-ல் அந்நகரில் பெருந்தீ மூண்டது. அதன் பின்னர்ப் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது பழைய மண்ணில் ஒரு படிகம் அகப்பட்டது. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் கூடிய அதற்கு ஸ்ட்ரூவைட் என்று பெயரிட்டனர்.

இந்த ஸ்ட்ரூவைட் சாக்கடை நிலையப் பொறியாளர்களுக்குப் பெருந்தொல்லை. கசடு செல்லும் குழாய்களிலும் பம்புகளிலும் கல்லாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பிற்காலத்தில் அத்தொல்லையையே பயனாக்கினர். தனிக் கலத்தில் மக்னீசிய உப்பைச் சேர்த்து அதனைச் சிறு மணிகளாக விளையச்செய்கின்றனர். மண்ணில் மெதுவாகக் கரைந்து பயிருக்கு உதவும் நல்ல உரம் அது. ஆனால் நீரில் கரைந்துள்ள பங்கு மட்டுமே இம்முறையில் கிட்டும். எஞ்சியது கசடிலேயே தங்கிவிடும்.

அவ்வாறாயின் கசடை அப்படியே வயலில் கொட்டலாகாதா? பல காலம் கொட்டினார்கள். ஆனால் அதில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் மருந்து எச்சங்களும் கலந்துள்ளன. ஆகவே கசடை எரித்துச் சாம்பலாக்கி, அதிலிருந்து சத்தைப் பிரிப்பதே தக்கது என்பது என் கருத்து. ஹாம்பர்க்கில் அண்மை ஆண்டுகளில் இதற்கென ஓர் ஆலை அமைத்தனர். அம்முறையில் சாம்பலை நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள்; கந்தக அமிலம் சேர்த்துச் சுண்ணத்தை ஜிப்சமாகப் பிரிக்கிறார்கள்; இரும்பு, அலுமினிய உப்புகளைத் தனியே எடுத்துச் சாக்கடை நீரைத் துப்புரவு செய்யும் வேலைக்கே திரும்ப அனுப்புகிறார்கள். எஞ்சுவது தூய பாஸ்பாரிக் அமிலம். உரத்தொழிலுக்கு அதுவே மூலப்பொருள்.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெட்டியெடுத்த பாறை மலிவாகக் கிடைக்கும்வரை, சாம்பலில் எடுத்த சத்தை வணிகர் தாமாக நாடமாட்டார். சந்தை செய்யாததைச் சட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. 2017-ல் ஜெர்மனி இயற்றிய விதி, 1,00,000 பேருக்கு மேற்பட்டோரின் கழிவுக்கு ஈடான கழிவை ஏற்கும் நிலையங்கள், கசடில் பாஸ்பரஸ் செறிந்திருந்தால், 2029 முதல் அதை மீட்கவேண்டும் என்று பணிக்கிறது; 50,000 பேருக்கு மேற்பட்டவற்றுக்கு 2032 வரை தவணை. மீட்கும் ஆலை அமையும்வரை, சாம்பலைப் பிறவற்றோடு கலக்காமல் தனியே குவித்துவைக்கவும் அவ்விதி இடமளிக்கிறது.